அரித் துலுக்கர்: ஒரு பழிப்பெயரின் வரலாறு

ஆரணியில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பாடம் முடிந்தபோது, மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான். "ஹஜ்ரத், வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற தக்குகள் எல்லாரும் முஸ்லிம்கள்தானாமே? தமிழிலே அவர்களுக்குத் துலுக்கர் என்றே பெயராமே?" எங்கோ படித்ததை மனத்தில் வைத்துப் பல நாள் வெந்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. நாம் சற்றும் யோசியாமல், "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவன் மகிழ்ச்சியோடு போனான். நமக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. நமக்குப் பிடிக்காத செய்திக்கு மட்டும் அக்கட்டளை பொருந்தாதா? ஆராயாமல் சொன்ன அந்த மறுமொழிக்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அந்தப் பெயர் உண்மையில் இருந்தது. சென்னைக் கோட்டையில் பணிபுரிந்த மருத்துவர் ரிச்சர்டு ஷெர்வுட் என்பார் 1816இல் இக்கொலைஞரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1820இல் அது கல்கத்தாவின் ஆசிய ஆராய்ச்சி ஏட்டில் மறுபதிப்பாயிற்று. தென்னாட்டுக் கொலைக் கூட்டத்தாரைப் 'பான்சிகர்' என்றே அவர் அழைக்கிறார். பான்சி என்றால் சுருக்குக் கயிறு. வடக்கே அவர்களுக்குத் 'தக்' என்று பெயர். ஏமாற்றுவோன் என்பது பொருள். தமிழில் அவர்களை 'அரித் துலுக்கர்' என்கிறார்கள் என்று அவர் குறித்து வைத்தார். கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கிய பெயர்கள் கயிற்றையும் கண்ணியையும் மட்டுமே சுட்டின. தமிழ்ப் பெயர்தான் செய்த தொழிலோடு சமூகத்தின் பெயரையும் சேர்த்துக் கட்டியது. ஆகவே நம் மாணவன் படித்தது பொய்யன்று.

இச்செய்தி தூரதேசத்துச் செய்தியும் அன்று. இன்று ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அக்காலத்திலோ இது வடஆற்காட்டைச் சேர்ந்த ஜாகீர். வடஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமான பின்னரே வேலூருக்கு அந்தப் பெருமை வந்தது. சித்தூர், ஆற்காடு, ஆரணி என்னும் இப்பாதைகளில் வணிகரும் சிப்பாய்களும் யாத்திரிகரும் ஓயாமல் நடந்தனர். நடந்தவர்களைப் போலவே படைகளும் ஓயவில்லை. 1751இல் கிளைவ் ஆரணியில் போரிட்டார். 1782இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் இவ்வூர் அருகே மோதினர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. அரசுகள் கவிழ்ந்தபோது படைகள் கலைந்தன. கலைந்த படையில் வாளன்றி வேறு தொழில் அறியாதவர் பலர் இருந்தனர். வழிப்பறி பெருகியதற்கு இது ஒரு காரணம் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து.

ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த காலத்திலேயே பெங்களூர் அருகில் ஏறத்தாழ நூறு பான்சிகர்கள் பிடிபட்டதாக ஷெர்வுட் கூறுகிறார். எனினும் அவர்கள் பரம்பரையாக இத்தொழில் செய்யும் கூட்டத்தார் என்று அப்போது யாரும் ஐயுறவில்லை. 1807இல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே ஒரு கூட்டத்தார் சிலர் சிக்கினர். திருவிதாங்கோடு வரை போய்க் கொள்ளைப் பொருளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களை விசாரித்தபோதுதான் கூட்டத்தின் பழக்க வழக்கங்கள் வெளிப்படத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகள் சித்தூர் மாஜிஸ்திரேட் ரைட் என்பவர் இவர்களைத் தேடிப் பிடிப்பதில் முனைந்திருந்தார். தக்குகளை ஒழித்தவர் என்று உலகம் புகழும் வில்லியம் ஸ்லீமன் நருமதைக் கரையில் வேலையைத் தொடங்கியதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நம் ஆற்காட்டுச் சாலையில் இவ்விசாரணை நடந்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் செய்த கொடுமையை விரித்து எழுத நாம் விரும்பவில்லை. இதழ் குடும்பத்தார் அனைவர் கைக்கும் போகிறது. சுருக்கம் இதுதான்: வழிப்போக்கரோடு நட்பாகப் பேசிக்கொண்டே நடப்பார்கள்; ஆளில்லாத இடம் வந்ததும் கைக்குட்டையாலோ கயிற்றாலோ கழுத்தை இறுக்குவார்கள்; உடலைப் புதைத்துவிட்டுப் பொருளோடு போவார்கள். விடுப்பில் ஊருக்குப் போகும் சிப்பாய், பொருள் சுமந்து போகும் வியாபாரி என இடுப்பில் காசு முடிந்தவர்கள் யாவரும் அவர்களுக்கு இரை. ஒரு கூட்டம் பல ஆண்டுகள் இவ்வாறே திரிந்தது.

இத்தனை உயிர்கள் போயும் இவர்கள் பிடிபடாதது எப்படி? அதில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. முதலாவது, புகார் இல்லை. இறந்தவன் தூரத்து ஊர்க்காரன். வீட்டார் இன்று வருவான், நாளை வருவான் என்று வாசலைப் பார்த்திருப்பார்கள். நோயில் மாண்டானோ, புலி அடித்ததோ என்று பின்னர் தேற்றிக்கொள்வார்கள். இரண்டாவது, கொன்றவன் ஊர் ஒன்று, கொலை நடந்த ஊர் வேறொன்று. இடையில் கம்பெனி, மைசூர், நிஜாம், பாளையக்காரர் எனப் பல எல்லைகள். ஓர் எல்லையின் காவலனுக்கு அடுத்த எல்லையில் அதிகாரம் இல்லை. மூன்றாவது, அடைக்கலம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்துப் பாளையங்களில் இவர்கள் உழவரைப் போல் குடியிருந்து, பாளையக்காரருக்குக் கப்பம் கட்டிக் காவல் பெற்றனர் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. நான்காவது, கண்ணால் கண்ட சாட்சி இல்லை. கூட்டத்தில் இருந்தவனைத் தவிர வேறெவனும் அதைப் பார்த்திருக்க முடியாது.

இந்த நான்காம் தடைதான் நம்மை நேராகத் தொடுகிறது. ஏனெனில், அக்காலக் கம்பெனி நீதிமன்றங்களில் குற்றவியல் சட்டமாக இருந்தது நம் ஷரீஅத் சட்டமே. 1802இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்கள் ஏற்பட்டபோது, ஆங்கில நீதிபதியின் பக்கத்தில் காழியும் முஃப்தியும் சட்ட அதிகாரிகளாக அமர்ந்தனர். வழக்கைக் கேட்டு அவர்கள் ஃபத்வா கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து நீதிபதி தீர்ப்புரைப்பார். கம்பெனியார் தமக்கு ஒவ்வாத விதிகளை இடையிடையே கத்தரித்தும் ஒட்டுப்போட்டும் வந்ததால், அது முழு ஷரீஅத்தாகவும் இல்லை. ஆங்கிலச் சட்டமாகவும் இல்லை. கொலைகாரர்கள் தப்பியதற்கு 'முகம்மதியச் சட்டத்தின் பலவீனமே' காரணம் என்று ஆங்கில அதிகாரிகள் பலர் எழுதினர். பள்ளிப் புத்தகங்கள் வரை அக்கூற்று இறங்கியது.

அக்கூற்றில் உண்மை எவ்வளவு? ஒளிக்காமல் சொல்லுவோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில், வேண்டுமென்றே செய்த கொலைக்கு அடையாளம் இரும்பு முதலிய ஆயுதம். கழுத்தை நெரித்துக் கொல்வது அந்த வகையில் சேராது. அதற்குப் பழிக்குப் பழியான கிஸாஸ் இல்லை, தியத் என்னும் ஈட்டுத்தொகையே உண்டு. அவர்தம் மாணவர்களான இமாம் அபூயூசுபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) இதில் மாறுபட்டார்கள். வங்காளத்தில் 1790இலேயே கம்பெனியார் இவ்விருவர் வழியை ஏற்று, ஆயுதத்தைப் பாராமல் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி செய்தனர். இது வரை கேட்பவர், நெரித்துக் கொல்பவனுக்கு நம் சட்டம் வழி விட்டுவிட்டது என்றே எண்ணுவார்.

ஆனால் ஹிதாயாவை ஓதியவர்கள் வழிப்பறி பற்றிய பாடத்தின் இறுதியைப் புரட்டிப் பார்க்கட்டும். நகரத்தில் ஒரு முறைக்கு மேல் ஒருவன் கழுத்தை நெரித்துக் கொன்றானாயின் அவனுக்கு மரண தண்டனை உண்டு என்று அங்கே விதி இருக்கிறது. பூமியில் குழப்பம் விளைப்பதையே தொழிலாகக் கொண்டுவிட்டான் என்பது அதற்குக் காரணம். தனி மனிதனைக் கொன்றவன் வேறு, கொலையையே வழக்கமாக்கிக்கொண்டவன் வேறு என்ற பாகுபாட்டைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நூலே கண்டிருக்கிறது. இன்று 'தொடர் கொலையாளி' என்று செய்தித்தாள்கள் எழுதும் ஆளைத்தான் நம் ஃபுகஹாக்கள் அன்றே தனியாகப் பிரித்து வைத்தார்கள். எனவே தண்டனை இல்லாத குறை சட்டத்தில் இல்லை.

குறை என்று அதிகாரிகள் கருதியது சாட்சிய விதியைத்தான். தன் குற்றத்தை ஒருவன் ஒப்புக்கொண்டால், அந்த இக்ரார் அவனை மட்டுமே கட்டும், அடுத்தவனைக் கட்டாது. இது மத்ரஸாவின் கீழ் வகுப்பு மாணவனும் அறிந்த விதி. அடித்து மிரட்டிப் பெற்ற ஒப்புதல் ஒப்புதலே அன்று. கொலையில் கூட்டாளியாக இருந்த ஃபாஸிக் தரும் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. கூட்டாளியைத் தவிர வேறு சாட்சியே இல்லாத குற்றத்தில் இவ்விதிகள் விசாரணைக்குப் பெருந்தடையாயின என்பது உண்மை. வடக்கே எடாவா மாஜிஸ்திரேட் தாமஸ் பெர்ரி 1810இல் பதினாறு வயதளவிலான ஓர் இளைஞனின் வாக்குமூலத்தைக் கொண்டு பலரைப் பிடித்தார். ஆனால் ஒரு முறை சொன்னதும் மறுமுறை சொன்னதும் ஒத்துவரவில்லை. மேல் நீதிமன்றமான நிஜாமத் அதாலத் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. மாஜிஸ்திரேட்டுக்கு அது ஆத்திரமூட்டியிருக்கும். குற்றமற்றவன் ஒருவன் அக்கூட்டத்தில் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருந்தால் அவனுக்கு அது உயிர்ப்பிச்சை.

1830களில் ஸ்லீமனும் அவர் தோழர்களும் தடையைத் தாண்ட வழி கண்டனர். பிடிபட்டவனுக்கு உயிர்ப் பாதுகாப்பு அளித்து 'அப்ரூவர்' ஆக்குவது. அவன் சுட்டிக் காட்டுபவரைப் பிடிப்பது. அவர்களில் சிலரை மீண்டும் அப்ரூவர் ஆக்குவது. பல அப்ரூவர்களைத் தனித்தனியே விசாரித்து ஒப்பிட்டார்கள்; காட்டிய இடங்களில் தோண்டி எலும்புகளையும் எடுத்தார்கள். இது பாராட்டத்தக்க உழைப்பு. ஆயினும் அடுத்து வந்த சட்டத்தைப் பாருங்கள். 1836ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம், தக்குக் கூட்டம் ஒன்றில் எப்போதாவது சேர்ந்திருந்தாலே போதும், கடுங்காவலோடு ஆயுள் சிறை என்றது. இன்ன கொலையை இன்ன நாளில் செய்தான் என்று நிறுவ வேண்டியதில்லை. எந்த ஜில்லா நீதிமன்றமும் விசாரிக்கலாம். முஃப்தியின் ஃபத்வாவும் தேவையில்லை என்று சட்டமே தெளிவாகச் சொல்லிற்று. ஆனால் தக்கு என்பவன் யார் என்ற விளக்கம் அச்சட்டத்தில் இல்லை. 1837ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம், முன்னமே குற்றவாளியெனத் தண்டிக்கப்பட்டவனும் சாட்சி சொல்லலாம் என்றது.

1831 முதல் 1837 வரை 3,266 பேர் பிடிபட்டனர் என்றும், அவர்களில் 412 பேர் தூக்கிலிடப்பட்டனர், 483 பேர் அப்ரூவர் ஆயினர், மற்றவர்கள் நாடு கடத்தப்பட்டோ ஆயுள் சிறையிலோ முடிந்தனர் என்றும் ஒரு கணக்கு உண்டு. சாலைகள் முன்னைவிடப் பாதுகாப்பாயின. இதை மறுப்பது நன்றி மறப்பது. ஆனால் அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரும் கொலைகாரர்தாமா? பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும் வரைதான் அப்ரூவரின் தலை கழுத்தில் நிற்கும். அத்தகையவன் வாயிலிருந்து வந்த பெயர்களில் பகைவன் பெயர் ஒன்றும் இல்லை என்று யார் உறுதி சொல்வது?

எண்ணிக்கைகள் எப்படி வளர்ந்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பஹ்ராம் என்பவன் 931 பேரைக் கொன்றான் என்று பல புத்தகங்கள் இன்றும் எழுதுகின்றன. அவன் சொன்னதாகப் பதிவாகியிருப்பதோ, தன் கையால் கொன்றவர் 125 பேர் அளவில் இருக்கலாம் என்பதே. அதுவே உள்ளத்தை உறைய வைக்கும் தொகை. அது போதாதென்று, கூட்டத்தார் யாவரும் செய்த கொலைகளையும் அவன் தலையில் ஏற்றிவிட்டது பிற்காலம். 1839இல் மெடோஸ் டெய்லர் அமீர் அலி என்னும் முஸ்லிம் தக்கைத் தலைவனாக வைத்து ஒரு நாவல் எழுதினார். அது இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றது. கதை வரலாற்றின் நாற்காலியில் ஏறி அமர்ந்தது.

இனி நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். அக்கூட்டங்களில் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் பலர் இருந்தார்கள். இதை மறைப்பதில் பயனில்லை. அவர்களோடு இந்துக்களும் சேர்ந்தே இருந்தார்கள். இரு திறத்தாரும் காளி, பவானி பெயர் சொல்லிச் சகுனம் பார்த்தே புறப்பட்டனர் என்று குறிப்புகள் கூறுகின்றன. நம்மைத் துலுக்கக் கொலைஞர் என்று சொல்பவரும், மாற்றாரைக் காளிக்குப் பலியிடும் கொலைஞர் என்று சொல்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். கொன்றவனுக்கு வேண்டியது கூலி. வெட்கத்தை மறைக்க ஒரு தெய்வத்தின் பெயர். ரதிகா சிங்ஹா, கிம் வாக்னர் போன்ற ஆய்வாளர்கள் இப்பதிவுகளை மீண்டும் படித்து, கொலைகள் உண்மை, ஆனால் நாடு முழுவதும் பரவிய ஒரே மதச் சதி என்ற சித்திரம் விசாரணையாளரின் கற்பனை கலந்தது என்ற முடிவை நோக்கிச் செல்கிறார்கள். 'வெள்ளைக்காரன் கட்டிய கதை' என்று நாம் சொன்னது பாதிப் பொய். கிணற்றிலும் குழியிலும் கிடந்த எலும்புகளை எவரும் கட்டிவிடவில்லை. அவையும் ஒரு தாய் பெற்ற மக்களின் எலும்புகள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்திருப்பார்கள்.

ஒரு கூட்டத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று எண்ணும் பழக்கம் தக்குகளோடு நிற்கவில்லை. ஜபல்பூரில் அப்ரூவர்களையும் அவர்தம் மக்களையும் ஒரு தொழிற்சாலைக்குள் வைத்துக் கூடாரமும் கம்பளமும் நெய்ய வைத்தனர். கொலை செய்யாத பிள்ளையும் தகப்பன் பெயரால் அச்சுவருக்குள்ளேயே வளர்ந்தான். இந்த எண்ணமே 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டமாக வளர்ந்தது. 1911க்குப் பின் அது நம் மாகாணத்திலும் இறங்கி, கள்ளர், குறவர் முதலிய எத்தனையோ குடும்பங்களைக் காவல் நிலையத்தில் இரவுதோறும் கைரேகை வைக்கச் செய்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. நம் பெயரில் ஒட்டிய பழியை எண்ணி வருந்தும் நாம், நம் அண்டை வீட்டாருக்கு ஒட்டிய பழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை பழங்கதை என்று விட்டுவிட முடியாதபடி நம் காலத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. டெல்லியை அடுத்த நொய்டாவில் நிட்டாரி என்னும் சிற்றூர். அங்கே பிழைக்க வந்த ஏழைகளின் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தும் அவர்கள் சொல் ஏறவில்லை. 2006 டிசம்பரில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் வெளிப்பட்டபோது நாடு நடுங்கிற்று. வீட்டு உரிமையாளரும் வேலைக்காரரும் கைதாயினர். வேலைக்காரரின் ஒப்புதல் வாக்குமூலமே வழக்கின் தூணாயிற்று. கீழ் நீதிமன்றம் பல முறை மரண தண்டனை விதித்தது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம், விசாரணை சீர்குலைந்து போனதைக் கடுமையாகக் கண்டித்து இருவரையும் அவ்வழக்குகளிலிருந்து விடுவித்தது. அறுபது நாள் போலீஸ் காவலில் வைத்தபின் பெற்ற வாக்குமூலத்தை அது நம்ப மறுத்தது. 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் எஞ்சிய வழக்கிலும் அவ்வேலைக்காரரை விடுவித்தது.

ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பெற்றோர் கையில் இருப்பது என்ன? பிள்ளை இல்லை, கொன்றவன் யார் என்ற விடையும் இல்லை. 1807ஆம் ஆண்டின் நான்கு தடைகளில் முதல் தடையும் கடைசித் தடையும் அப்படியே அங்கே நிற்பதைக் காணலாம். ஏழையின் புகாரை எழுதிக்கொள்ளவில்லை. எழுதவேண்டிய நாளில் எழுதி, தேடவேண்டிய இடத்தில் தேடாதவர்கள், பின்னர் ஒரு மனிதனின் வாயிலிருந்து எல்லாவற்றையும் பெற்றுவிட முயன்றார்கள். நேர்மையான நீதிபதி அதை ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. போலீசாரிடம் செய்த ஒப்புதல் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வைத்த விதி 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. மிரட்டிப் பெற்ற இக்ரார் இக்ராரன்று என்ற நம் ஃபுகஹாக்களின் சொல்லுக்கு இது அந்நியமன்று. ஐயம் இருக்கும்போது தண்டனையைத் தவிர்க்கவும், தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேல் என்று கருதவும் நமக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது. அவ்வழிகாட்டல் கொலைகாரனுக்குச் செய்த சலுகையன்று. விசாரிப்பவனின் கையைச் சுறுசுறுப்பாக்கும் கண்டிப்பு. ஒப்புதலில் சாய்ந்து படுக்க முடியாதவன்தான் எழுந்து போய்ச் சான்றுகளைத் தேடுவான்.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. உங்கள் தெருவில் ஒரு குழந்தையோ, வேலைக்குப் போன பெண்ணோ, முதியவரோ காணாமல் போனால், அவர் எச்சமூகத்தவர் என்று பாராமல் அன்றே அவ்வீட்டாரோடு காவல் நிலையத்துக்கு நடங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பதிவு செய்த நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒருவன் கைதான அன்றே அவன் பெயரைப் பார்த்து ஒரு சமூகத்தையே தீர்ப்பிடாதீர்கள். அவன் பெயர் நம் பெயராயினும், பிறர் பெயராயினும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்ய வேண்டாம் என்ற இறைவனின் ஆணை இரு பக்கமும் செல்லும்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அம்மாணவனை அழைத்தோம். "அன்று நாம் சொன்னது தவறு, தம்பி. அவர்களில் நம்மவரும் இருந்தார்கள்" என்றோம். அவன் முகம் வாடிற்று. பிறகு தாள்களை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். நெடுநேரம் படித்துவிட்டு, "ஹஜ்ரத், காணாமல் போன அந்த வழிப்போக்கர்களின் பெயர்கள் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டான். கொன்றவர்களின் வம்சாவளியை ஏடு ஏடாக எழுதி வைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட எஞ்சவில்லை என்று சொன்னோம். அவர்கள் அனைவரின் கணக்கும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம்மை அநீதி செய்வோரிலும், ஆராயாமல் பேசுவோரிலும் ஆக்காமல் காப்பானாக.